முதல் இரண்டு நொடி

காலையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"அண்ணி, இன்னைக்கு எந்த நாட்டுல புருஷனைப் பறிகொடுக்கப் போறீங்க?"

"தாள் கைக்கு வந்தாத்தான் தெரியும்."

"போன வாரம் சுரங்கத்துல போனாரு, அதுக்கு முந்தின வாரம் கடல்ல. இந்த வாரமாவது படுக்கையில நிம்மதியாப் போகட்டும்."

"நான் இங்க உயிரோடதான் இருக்கேன்," என்றான் கணவன், வாயில் பிரஷ்ஷோடு. "அதையும் யாராவது ஞாபகம் வச்சுக்குங்க."

பதினான்கு வருடமாக அந்த வீட்டில் நடக்கிற கேலி இது. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ எடுக்கப்படும் ஆவணப்படங்கள் தமிழ் பேசிக்கொண்டு வீட்டுத் தொலைக்காட்சிக்கு வருகின்றன அல்லவா, அவற்றில் வரும் பெண்களுக்குக் குரல் கொடுப்பது அவள் வேலை. பனிமலை உருகுவதைப் பார்த்து நிற்கும் ஆடு மேய்ப்பவள், கடல் ஏறி வந்து வீட்டை விழுங்கிய தீவுக்காரி, வற்றிப்போன ஏரியின் நடுவில் படகைச் சாய்த்துவைத்து அதன் நிழலில் உட்கார்ந்திருக்கும் மீன்காரி என்று எத்தனையோ பேர். வீட்டில் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: அண்ணியோட சொந்தக்காரங்க.

இதற்கு முன்பு அவள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளுடைய கண்ணாடி அறையின் கதவை ஒருவர் தட்டினார். வண்டி ஒன்றரை மணி நேரத் தாமதம்; சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவரோ, "தாமதத்துக்கு வருந்துகிறோம்னு எல்லாரும்தான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தாம்மா நிஜமாவே வருந்துறீங்க," என்றார். டப்பிங் கூடம் ஒன்றின் பொறுப்பாளர் அவர். அடுத்த வாரமே அவள் அவருடைய ஒலிப்பதிவு அறையில் நின்றாள்.

வருத்தம் அவள் குரலில் அப்படித் தானாக வந்து உட்காரும். கூடத்தில் அவளுக்கு 'அழுகை அக்கா' என்று பட்டம். அதை அவள் வாய்விட்டு ரசித்ததில்லை. யாராவது சொன்னால் மறுத்ததும் இல்லை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் ஒருவர் வாயைத் திறந்ததும் தமிழ் ஓடி வந்துவிடாது. முதல் இரண்டு நொடி அவருடைய சொந்தக் குரலை, சொந்த மொழியில், கேட்க விடுவார்கள். பிறகு அது மெல்லத் தணியும், அதன்மேல் தமிழ் ஏறும். இப்படி ஒரு மனுஷி நிஜமாகவே இருக்கிறாள், அவள் பேச்சைத்தான் நாம் இரவல் வாங்குகிறோம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிவதற்காக. அவளுக்கோ அந்த இரண்டு நொடிதான் எல்லாமே. மொழி ஒரு எழுத்துகூடப் புரியாது. ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணின் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விடுவாள்.

அன்றைக்கு அவள் சற்று முன்னதாகவே கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. உலகத்து நதிகளைப் பற்றிப் பத்து பாகத்தில் ஒரு பெரிய தொடர் வரப்போகிறது. அதைச் சொல்லிக்கொண்டு போகும் முக்கியக் குரல் பெண் குரலாக இருக்கட்டும் என்று தொலைக்காட்சியின் தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. இதுவரை அந்த வேலை எப்போதும் 'கம்பீரம்' என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவருக்குத்தான் போகும். அவர் வாயைத் திறந்தால் மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் நடுங்கும். அவளும் எத்தனையோ நாட்டில் பேசியிருக்கிறாள். ஒவ்வொன்றும் சேர்ந்தாற்போல் இரண்டு நிமிடத்துக்குள். ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை கைபிடித்து நடத்திப்போனதில்லை. அந்த ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மெதுவாகப் பேசிப் பார்த்தாள், அவ்வளவுதான். "அண்ணா, குளிக்கற ரூம்ல யாரோ நதி பிறக்கற இடத்தைப் பத்திச் சொல்றாங்க, தண்ணிக் கட்டணம் நமக்கா அவங்களுக்கா?" என்று நாத்தனார் வெளியிலிருந்து கேட்ட பிறகு, ரகசியம் என்று எதுவும் மிச்சம் இல்லை.

"இன்னைக்குப் பதிவை அப்படியே ஹெட் ஆபீஸுக்கு அனுப்பறேன்," என்று பொறுப்பாளர் முந்தின நாளே சொல்லிவிட்டார். "அதான் உனக்குப் பரீட்சை. உன் கைச்சரக்கு என்னன்னு காட்டிடு."

அவள் போய்ச் சேர்ந்தபோது படம் வந்திருக்கவில்லை. எங்கேயோ இணைப்பில் கோளாறு. நேரம் குறித்த வசனத் தாள்கள் மட்டும் வந்திருந்தன. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சிறிய அறை. நடுவில் மைக், அதன்முன் தாள் வைக்கும் தாங்கி, தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போதுகூடக் காதிலிருந்து எடுக்காததால் அவருக்கு 'ஹெட்போன் அண்ணன்' என்று பெயர். அவருக்குப் பின்னால் ஏணிமேல் ஒரு ஏசி மெக்கானிக். முந்தின நாளிலிருந்து ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது.

"படம் வராமலா?" என்று கேட்டாள்.

"நேரம்தான் தாள்ல இருக்கே. படம் வந்ததும் பொருத்திக்கலாம்," என்றார் பொறுப்பாளர். "மூணு மணிக்கு அனுப்பியாகணும்."

வளையல்களைக் கழற்றி வாசலோரம் இருந்த கிண்ணத்தில் போட்டாள். மைக்குக்கு வளையல் ஆகாது. தாளைப் படித்தாள். தூக்கி எறியப்பட்ட மின்சாதனங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதைப் பற்றிய படம். வயர்களைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் ஓர் ஊர். அங்கே ஒரு பெண் பேசுகிறாள்:

'என் கணவர் இந்தப் புகையில்தான் போனார். இருபது வருஷம் நானும் இங்கேதான் கொளுத்தினேன். என் கையைப் பாருங்கள். இப்போது இங்கே யாரும் நெருப்பு வைப்பதில்லை. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறோம். யாரும் இருமுவதில்லை.'

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பேசினாள். 'என் கையைப் பாருங்கள்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. 'யாரும் இருமுவதில்லை' என்பதற்குப் பின்னால் தாளில் நான்கு நொடி இடைவெளி இருந்தது. அங்கே ஒரு விசும்பலை வைத்தாள். அது பார்த்துப் பார்த்து வைத்த விசும்பல். பத்து பாகம் நதி அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு அணைந்ததும் ஹெட்போன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சி, மனுஷனைக் கொன்னுட்டே போ."

"ஐயோ பாவம் சார் அந்தம்மா," என்றார் ஏணிமேல் இருந்தவர். பிறகு, "அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடுங்க," என்றார்.

பொறுப்பாளர் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார். "முடிஞ்சுது. இனிமே அவங்க வேற ஆளைத் தேட மாட்டாங்க. நீ வீட்டுக்குப் போ."

அவள் போகவில்லை. குரல் கொடுத்த பெண்ணின் முகத்தை ஒரு தடவை பார்க்காமல் அவள் வீட்டுக்குப் போனதில்லை. கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றரை மணிக்குப் படம் வந்தது.

ஒரு கொட்டகையின் வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கட்டை குட்டையான உடம்பு. இடுப்பில் கருவிகள் தொங்கும் பட்டை. முதல் இரண்டு நொடி அவளுடைய சொந்தக் குரல் கேட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து யாரோ ஏதோ கேலி சொல்லியிருக்க வேண்டும். திரும்பி ஒரு அதட்டு அதட்டிவிட்டு, மிச்சச் சிரிப்போடு கேமரா பக்கம் வந்தாள். அந்தச் சிரிப்பின்மேல் தமிழ் ஏறியது, அழுதுகொண்டு.

கணவர் போன புகையைச் சொல்லும்போது அவள் தாடையால் வெளியே ஓர் இடத்தைக் காட்டினாள், பழைய வீடு இருந்த இடத்தைக் காட்டுவதுபோல. 'என் கையைப் பாருங்கள்' என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். தழும்பேறிய கைகள். அவற்றை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். தான் கட்டிய வீட்டை அறை அறையாகச் சுற்றிக் காட்டுகிறவள்போல. 'யாரும் இருமுவதில்லை' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு, உள்ளே திரும்பிப் பார்த்தாள். வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் பெண்கள். ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று, நான்கு. ஒருத்திகூட இருமவில்லை. 'கேட்டீங்களா?' என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள்.

அந்த நான்கு நொடியில் விசும்பியது இவள் ஒருத்திதான்.

"சார், இதை நான் மறுபடியும் சொல்லணும்."

"எதுக்கு? எல்லாம் கச்சிதமா உக்காந்திருக்கே."

"அவங்க கடையைத் திறந்து வச்சு வாங்க வாங்கன்னு கூப்பிடறாங்க. நான் வாசல்ல உக்காந்து ஒப்பாரி வச்சுட்டிருக்கேன்."

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, தெரிஞ்சுதான் பேசறியா? உன் குரல்னு அங்க எல்லாருக்கும் தெரிஞ்சதே அந்த அழுகைதான். அது இல்லாம அனுப்பினா பத்தோட பதினொண்ணு. நதியும் போச்சு, எல்லாம் போச்சு. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பார்த்த வரிகள் எல்லாம் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. ஏமாற்றியது தாள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தாளில் அழுகை எங்கும் எழுதியிருக்கவில்லை. பரீட்சைக்குப் போகிற அவசரத்தில் அவளேதான் அதைக் கொண்டுபோய் வைத்தாள்.

பதிவு முடிந்ததும் போட்டுக்கொண்ட வளையல்களை மறுபடியும் கழற்றினாள். கிண்ணத்தில் அவை விழுந்த சத்தத்தில் பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார்.

"ரெண்டேகால் ஆச்சு. ஏசி வேற இல்லை."

"ஏசி ஓடினாத்தான் நான் கீழ இறங்குவேனே சார்," என்றார் ஏணிமேல் இருந்தவர், தன்மேல் குறை வந்துவிடக் கூடாது என்பதுபோல.

முதல் தடவை பழக்கதோஷம். 'கை' என்றதுமே குரல் தழுதழுத்தது. இரண்டாம் தடவை அதற்குப் பயந்து இறுக்கிப் பிடித்தாள். "தங்கச்சி, அஞ்சாவது நடைமேடைக்கு வண்டி வந்துடுச்சு போல," என்றார் ஹெட்போன் அண்ணன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, அந்த ரெண்டு நொடியை என் காதுல போடுங்க. சத்தமாப் போடுங்க," என்றாள். சிரிப்பு காதில் வந்து விழுந்தது. வியர்வை கழுத்தில் ஓட, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பு முடிந்த மூச்சிலேயே தன்னுடையதைத் தொடங்கினாள். நான்கு நொடி வந்தபோது வாயை மூடிக்கொண்டு, பஞ்சுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

பொறுப்பாளருக்கு மனம் ஒப்பவில்லை. கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் ஏணியை அண்ணாந்து பார்த்தார். "ஏம்ப்பா, ரெண்டு தடவை போடறேன். பார்த்துச் சொல்லு."

முதல் பதிவு ஓடியது. "பாவம் சார். நெஞ்சை அடைக்குது," என்றார் மெக்கானிக், திருகாணியைத் திருகிக்கொண்டே. பார்த்தாயா என்பதுபோல் பொறுப்பாளர் அவள் பக்கம் திரும்பினார்.

இரண்டாவது பதிவு ஓடியது. திருகும் சத்தம் நின்றது.

"சார், கொஞ்சம் பின்னாடி போங்க. அந்தம்மா இடுப்புல இருக்கே, அது என்ன கருவி? கொளுத்தாம வயர்த் தோலை எப்படி சார் உரிக்கறாங்க? எங்க பட்டறையில நாங்க இன்னும் கொளுத்திட்டுதான் இருக்கோம். புகை தாங்கலை." பேசிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கி, திரைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். "அந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"கீழ இறங்கிட்டியே, ஏசி ஓடுதா?"

"அதை விடுங்க சார், இதைப் போடுங்க."

பொறுப்பாளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மூன்று மணிக்கு எந்தப் பதிவை அனுப்புவது என்று அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஹெட்போன் அண்ணன் இரண்டாவதை அனுப்பினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நதி கையை விட்டுப் போய்விட்டது என்றே அவள் நினைத்தாள். இருந்தும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துதான் நின்றாள்.

எட்டு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது.

"அங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க," என்றார் பொறுப்பாளர். "இது அந்த அழுகைக் குரல்தானான்னு."

"என்ன சார் சொன்னீங்க?"

"ஆமா, அதே ஆள்தான், படத்தைப் பார்த்தா மாறிடுவாங்கன்னு சொன்னேன். அப்ப நதிக்கு அவங்களே இருக்கட்டும்னுட்டாங்க. பத்தும் உனக்குத்தான். என்ன, சத்தத்தையே காணோம்? இப்பவாவது அழேன்."

"ஒரு நிபந்தனை சார்."

"நிபந்தனை வேறயா!"

"படம் வராம விளக்கைப் போடக் கூடாது. எனக்கு மட்டுமில்ல, யாருக்கும்."

சனிக்கிழமை மாலை அந்த மின்குப்பைப் படம் ஒளிபரப்பானது. அந்த வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு: 'சொந்தக்காரங்க' வாயைத் திறந்ததும் முதல் இரண்டு நொடி யாரும் மூச்சு விடக் கூடாது. நாத்தனார் ரிமோட்டை உயர்த்தி, "ஷ்" என்றாள். கொட்டகை வாசலில் அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு தணிய, இவள் குரல் ஏறியது.

கணவனுக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. 'யாரும் இருமுவதில்லை' என்ற சரியான நேரத்தில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, நான்கு நொடியும் தாக்குப்பிடித்து, திரையில் அந்தப் பெண் புருவத்தைத் தூக்கிய பிறகுதான் வெடித்தான்.

"அண்ணா, அவங்க கொட்டகையில உனக்கு வேலை கிடைக்காது," என்றாள் நாத்தனார். பிறகு திரையையும் அண்ணியையும் ஒரு தடவை பார்த்தாள். குரலில் கேலி கொஞ்சம் குறைந்திருந்தது. "இவங்களை எனக்குப் பிடிச்சிருக்கு அண்ணி. உங்களை மாதிரியே நிக்கறாங்க."

அவள் முகம் மலர்ந்து போயிருந்தது.

"ஆனா பாருங்க, இந்தப் படத்துலயும் புருஷன் போயிட்டாரு. அண்ணி ஒரு சொட்டுக்கூட அழலை."

"அதான் எனக்கும் கவலையா இருக்கு," என்றான் கணவன், இருமிக்கொண்டே.