உப்பளச் சாலையில் இடது பின்சக்கரம்

கைக்குழந்தையோடு காரில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குக் காலையில் போனால் வலது பக்கம் வெயில். இடது பக்கம் நிழல்தான். ஆனால் எங்கள் பழைய காரில் இடது பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டு துருப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. கொஞ்ச தூரம் இந்தப் பக்கம், கொஞ்ச தூரம் அந்தப் பக்கம் என்று மாறி மாறி உட்கார்ந்தே போனேன். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷமான இந்த வருஷம், தை மாதம். காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். மகள் ஜெனிக்கு எட்டு மாதம், பிறந்ததிலிருந்து இழைப்பு. தூத்துக்குடி டாக்டரிடம் காட்டிவருகிறோம். போன முறை திரும்பும் வழியில் அந்த ஓட்டை வழியாகத் தூசி உள்ளே வந்து, வீடு சேர்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. தூசியில்லாமல் கொண்டுவர முடியாதென்றால் கோடை முடியும்வரை தாயும் பிள்ளையும் தூத்துக்குடியிலேயே தங்கட்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தங்குவதற்குக் கணவரின் பெரியம்மா வீடு இருக்கிறது. ஆனால் கணவருக்கு நாசரேத்தில் வாத்தியார் வேலை.

அதனால் அவர் சக்கரத்தின் மேல்வளைவு முழுவதும் உட்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் தகட்டை வளைத்துத் திருகியிருந்தார். அது தாங்கினால் மாலையில் மூவரும் வீடு திரும்பலாம். தாங்காவிட்டால் நானும் ஜெனியும் பெரியம்மா வீட்டில் இறங்க வேண்டியதுதான். என் டிரங்குப் பெட்டி டிக்கியில் இருந்தது.

ஏரல் தாண்டும்போது ஆற்றின் மேல் பனி கலையவில்லை. பாலத்தில் சைக்கிளில் போனவர்கள் இடுப்புக்குக் கீழே இல்லாதவர்களைப் போல மிதந்து போனார்கள். பழையகாயல் கடந்ததும் இரண்டு பக்கமும் உப்பளம். மழை நீர் வடியாத பாத்திகளில் வானம் இறங்கிக் கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல் பாத்தி வரப்பின் மேலேயே நிற்பதாகத் தோன்றியது. ஜெனி கண்ணைத் திறந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். நாங்கள் தரையில் போகிறோமா என்றே எனக்குச் சந்தேகமாயிருந்தது.

எதிரே லாரி வந்தது. ஒற்றைச் சாலை. இடது சக்கரங்கள் ஓரத்துச் சேற்றில் இறங்கி ஏறின. பிறகு கீழே படபடவென்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தோம். தகடு குறுக்கே விரிசல் விட்டுச் சக்கரத்தில் உரசிக்கொண்டிருந்தது. சேற்றில் ஒன்றும் தெரியவில்லை என்று அவர் வாளியை எடுத்துப்போய், ஓரத்து வாய்க்காலில் தெளிந்து கிடந்த தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். வயல்காட்டில் பிறந்தவர், தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர்தான் அவருக்கு. எனக்குச் சந்தேகம் வந்தது, சொல்லத் தயங்கினேன். வரப்பு மிதித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, காரை ஊறுகா போடுதீகளா?"

மற்றவர்கள் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். அது பாத்திக்குப் பாயும் உப்புத் தண்ணீர். காயக் காய மட்கார்டு முழுவதும் வெள்ளை பூத்தது. அவர் உடைந்த தகட்டைப் பிய்த்தெடுத்தார். மீதி வழி முழுவதும் ஜெனியின் முகத்தைச் சேலைக்குள் மூடிக்கொண்டு வெயில் பக்கமே இருந்தேன்.

ஒன்பது மணிக்கு டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். இன்று பரவாயில்லை என்றார். திரும்பிப் போவதைப் பற்றி ஒன்றும் மாற்றிச் சொல்லவில்லை.

தோணி கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சூசை என்பவர் பட்டறை வைத்திருக்கிறார். கார், லாரி, தோணி இஞ்சின் எல்லாம் பார்ப்பவர். வாசலில் சங்கு மூட்டைகள். அவற்றின் மேலேயே படுத்து ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னும் தடிப்பான பிளாஸ்டிக் போடலாம் என்றார் என் கணவர். அதுவும் கல்லடித்தால் உடையும், வெயிலில் மொரமொரத்துப் போகும் என்றார் சூசை. துருவைச் சுரண்டி, தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெயைத் தடவி, அதன் மேல் லாரி டியூப் ரப்பரைத் திருகிவிடலாம் என்பது அவர் யோசனை. டியூப் உட்படப் பதினெட்டு ரூபாய்.

அந்த எண்ணெய் நாற்றம் பிள்ளைக்கு இழைப்பைக் கிளப்பாதா என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு மீனெண்ணெய்னு தெனம் ஒரு கரண்டி வாயில ஊத்துதீகள்லா, அதுவும் சுறாதாம்மா. பிள்ள உள்ளயும் வெளியயும் ஒரே மீனா இருந்துட்டுப் போகுது."

அப்படியானால் ஒன்றும் செய்யாதா என்றேன். அது தனக்குத் தெரியாது, தோணிக்கு இழைப்பு வந்து பார்த்ததில்லை என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"நீயே சொல்லுளா. ஒம் மடியிலதான கெடக்கா."

பிளாஸ்டிக் உடைந்தால் தூசி. எண்ணெய் பூசினால் நாற்றம். தூசி செய்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். ரப்பரே போடட்டும் என்றேன். திரும்பும் வழியில் முதலில் வரும் முள்ளக்காடு வரை ஓட்டிப் பார்ப்பது, அதற்குள் ஜெனிக்கு மூச்சு மாறினால் பெரியம்மா வீட்டுக்குத் திரும்பிவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

மாலை நான்கரைக்கு முள்ளக்காடு. நான் இடது சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தேன். எதிரே லாரி, ஓரத்துச் சேற்றில் இறங்கினோம். கீழே மெத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மடியில் தூசி விழவில்லை. கார் முழுக்க மீன் மணம். இரண்டு பக்கமும் மாலை வெயிலில் சிவந்த தண்ணீர். ஒரு தோணியின் அடித்தட்டில் படுத்துப் போவதுபோல இருந்தது. ஜெனியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். சீராக ஏறி இறங்கியது.

"திருப்பவா?" என்றார் அவர், வண்டியை நிறுத்தாமலே.

"வீட்டுக்குப் போங்க" என்றேன்.

அதன் பிறகு மூன்று முறை போய்வந்துவிட்டோம். ஜெனிக்கு வழியில் இழைப்பு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு, ரப்பரின் அடி விளிம்பிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே உப்புச் சேறு சேர்கிறது போலும். கழற்றிக் கழுவ வேண்டும் என்கிறார் இவர். கழற்றக் கழற்றத் திருகுத் துளைகள் பெரிதாகிவிடும், தொடாதீர்கள் என்கிறார் சூசை. வெளியிலிருந்து பார்த்தால் ரப்பர் கறுப்பாக, ஒழுங்காக இருக்கிறது. அதற்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. கடலோரத்தில் கார் வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது தயவுசெய்து எழுதுங்கள்: கழற்றிப் பார்க்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?