ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பை

தீவன ஆய்வகத்தில் அவளுக்கு ‘மிக்சி’ என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். காரணத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. காலையில் வந்ததும் காய்ந்த இலைகளைப் போட்டு அரைக்கத் தொடங்குவாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது புருவமெல்லாம் பச்சைத் தூளாக இருக்கும். “கிரைண்டர்னு வைக்காம விட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்,” என்பாள்.

ஆடு மாடு தின்னும் இலை தழைகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. புரதம் எவ்வளவு, நார் எவ்வளவு, தின்றால் ஆகாத சரக்கு ஏதாவது உண்டா? அந்த ஆகாத சரக்குகளில் ஒன்று ஆல்கலாய்டு. செடிகள் தங்களைத் தின்ன வருபவர்களுக்கு எதிராகத் தயாரித்து வைத்திருக்கும் கசப்பு. வேல மரங்களில் சில வகைகளில் இது உண்டு. கொஞ்சமாக இருந்தால் ஆடு கண்டுகொள்ளாது. அதிகமானால் பின்னங்கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது.

அவளுடைய அக்கா வீட்டு ஆடுகளுக்கு அதுதான் நடந்தது.

அக்காவும் மாமாவும் நகரத்தின் ஓரத்தில் ஆடு வளர்க்கிறார்கள். கொட்டகைக்குப் பின்னால் ஒரு வேலந்தோப்பு. ஒரே மரத்தின் விதைகளை வாங்கி வந்து மாமா நட்டது. வெயில் காலத்தில் புல்லெல்லாம் கருகிய பிறகும் அந்தத் தோப்புதான் ஆடுகளுக்குச் சோறு போடும். அது இல்லாவிட்டால் ஆடுகளை விற்க வேண்டியதுதான்.

இரண்டு ஆடுகள் எழுந்திருக்க முடியாமல் படுத்ததும் அக்கா போன் செய்தாள். மிக்சி யோசிக்கவே இல்லை. “ஒரு மரம் விடாம கைப்பிடி கைப்பிடியா பறிச்சு, எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் குடுத்து விடுக்கா.”

ஆய்வகத்துக்கு இலை அனுப்பும் எல்லோருக்கும் அவள் சொல்வது இதுதான். சாக்கு வந்தது. உலர்த்தினாள், அரைத்தாள், தூளை அமிலத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினாள். சொட்டுச் சொட்டாகக் கண்ணாடித் தகட்டில் வைத்து மருந்து தெளித்தாள். ஆல்கலாய்டு இருந்தால் ஆரஞ்சு நிறம் வரும். வந்தது, ஆனால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். மரத்தின் மேல் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அக்கா குடும்பம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது. உப்புக் கட்டியை மாற்றியது. குடற்புழு மருந்து கொடுத்தது. அப்புறம் சினை ஆடு ஒன்று படுத்தது. வந்து பார்த்த மாட்டு டாக்டர் தோப்பைப் பார்த்துவிட்டு, “எனக்கென்னவோ இந்தத் தழை மேலதான் சந்தேகம்,” என்றார்.

அக்கா மறுபடி போன் செய்தாள். “உன் மாமா ஞாயித்துக்கிழமைக்கு ஆள் சொல்லிட்டாரு. தோப்பையே அறுக்கப் போறாங்க. நீ மரம் நல்லா இருக்குன்னு சொன்ன. டாக்டர் இல்லைங்கறாரு. நான் யாரை நம்ப?”

“ஒரு தடவை நேர்ல வந்து பாக்கறேன்.”

“வந்து? ஆட்டுக்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறியா?”

மிக்சி லீவு போட்டுவிட்டுப் போனாள். உச்சி வெயில். படுத்த ஆடுகளைத் தவிரக் கொட்டகை காலியாக இருந்தது. மற்றவை தோப்பில் மரத்துக்கு ஒன்று இரண்டாகக் கட்டப்பட்டு, எட்டிய கிளையைத் தின்றுகொண்டிருந்தன. அவிழ்த்து விட்டால் பக்கத்துத் தோட்டத்தில் புகுந்துவிடும், அதனால் வெயில் காலம் முழுக்க இப்படித்தான் என்றாள் அக்கா.

“தினமும் அதே ஆடு அதே மரத்துலயா?”

“பின்ன? இடம் மாத்திக் கட்டினா கத்தித் தொலைக்குதுங்க.”

மிக்சிக்கு முகம் சுண்டிப் போனது. ஒரே சாக்கில் போட்டுக் கலக்குவது தீவன ஆலைகளுக்குச் சரி. அங்கே எல்லா இலையும் ஒன்றாக அரைபட்டுத்தான் மாட்டின் வாய்க்குப் போகும். இங்கே எந்த ஆடும் தோப்பைத் தின்னவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மரத்தைத் தின்றது. ஒரு மரம் கடுமையாக இருந்தாலும், மற்ற மரங்களின் இலையோடு கலந்து அதை நல்ல பிள்ளையாக்கியது அவளேதான்.

மறுபடி பறித்தாள். இந்த முறை மரத்துக்கு ஒரு பை.

ஆய்வகத் தலைவி பைகளைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்தார். “என்னம்மா, காய்கறிக் கடை போட்டிருக்க?”

“தனித்தனியா பாக்கணும் மேடம்.”

“ஒரே தோப்பு, ஒரே விதை, ஒரே மண்ணு. என்ன பெரிசா வித்தியாசம் வந்துரும்?”

“நானும் என் அக்காவும் ஒரே வீடுதான் மேடம். அவ போன்ல பேசறதைக் கேட்டிருக்கீங்கல்ல?”

தலைவி சிரித்துவிட்டார். வழக்கமான வேலை தேங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். சனிக்கிழமை மாலை அவரே வந்து தகட்டுக்கு மருந்து தெளித்தார். வரிசையாக வெளிறிய புள்ளிகள். அவற்றில் இரண்டு மட்டும் செங்கல் நிறத்துக்கு ஏறின. அந்த இரண்டுக்கும் பக்கத்தில் நின்ற மரங்களில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. “இவ்வளவா?” என்று தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது மரம் அறுப்பவர் மெஷின் ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மாமா, நிறுத்துங்க. ரெண்டே மரம்தான்.”

“போன தடவை ஒண்ணுமே இல்லைன்ன. இப்ப ரெண்டுங்கற. அடுத்த வாரம் நாலுன்னு சொல்லுவியா?” மாமாவின் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

“போன தடவை நான் கலந்தது தப்பு. இந்த தடவை கலக்கல. வாங்க, காட்டறேன்.”

முதல் மரம் மூலையில் இருந்த சவலை. அதை யாரும் எதிர்க்கவில்லை. இரண்டாவது மரத்தின் முன் நின்றதும் அக்கா குறுக்கே வந்தாள். தோப்பிலேயே அடர்த்தியான மரம் அது. குடை பிடித்தாற்போல நிழல்.

“இதுவா? உனக்கென்ன பைத்தியமா? தோப்புலயே நல்ல மரம் இதுதான். ஒரு பூச்சி ஏறாது. ஒரு இலை ஓட்டையாகாது. அதனாலதான் சினை ஆட்டை இங்க கட்டினேன்.”

“அதனாலதான்க்கா பூச்சி ஏறல.”

அக்கா கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அங்கே சினை ஆடு முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்து, மறுபடி சரிந்தது.

“நல்லதைக் குடுக்கறேன்னு நானே ஊட்டியிருக்கேன்,” என்றாள்.

“நானும் நல்லா இருக்குன்னு சொன்னேனே.”

மரம் அறுப்பவர் பொறுமையாகக் கேட்டார். “முடிவா எதை அறுக்கறது? வெயில் ஏறுது.”

“அந்த ரெண்டை மட்டும்,” என்றாள் அக்கா, மாமாவைப் பார்க்காமல். மாமா தலையசைத்தார்.

ரம்பச் சத்தம் ஓய்ந்தது. விழுந்த கிளைகளை ஆடுகளுக்கு எட்டாத தூரத்துக்கு இழுத்துப் போட்டார்கள். அப்புறம் மாமா கேட்டார், “மத்த மரங்களைப் பத்திக் கவலையே வேண்டாமா?”

“அப்படிச் சொல்ல மாட்டேன். கொழுந்துல ஒரு அளவு, முத்தின இலைல ஒரு அளவு. மழைக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. மரத்துக்கு மரம் வேற. காலம் மாறும்போது பாத்துக்கிட்டே இருக்கணும். தினமும் மரத்தை மாத்திக் கட்டுங்க, கத்தினாக் கத்தட்டும்.”

“அப்ப என் மரங்க வருஷா வருஷம் உன்கிட்ட பரீட்சை எழுதணுமா?”

“ஆமா மாமா. எல்லாம் பாஸாகும்னு சொல்ல முடியாது.”

வேறு தீவனத்துக்கு மாறிய பிறகு சினை ஆடு மெல்ல எழுந்து நின்றது. முதலில் படுத்த இரண்டில் ஒன்று எழவே இல்லை. தோப்பு நிற்கிறது. மழை முடிந்து மிக்சி பைகளோடு போனபோது அக்கா கையில் கயிறோடு ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

“இதுல கட்டலாமா?”

“முதல்ல பறிக்க விடு,” என்று மிக்சி கிளையை வளைத்தாள்.