ஞாயிற்றுக்கிழமை எஞ்சின்

தூத்துக்குடிக் கடற்கரையில் காலை பத்து மணி. வள்ளங்கள் எல்லாம் மணலில் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் எஞ்சினுக்கும் ஒரு பழைய சேலை போர்த்தியிருக்கிறது. தொலைவில் துறைமுகத்து கிரேன்கள் மட்டும் கண்டெய்னர் தூக்கிக்கொண்டிருக்கின்றன. மாதா கோயிலில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வரும் மீனவரிடம், கடலுக்குப் போகவில்லையா என்று கேட்கிறேன்.

“ஞாயித்துக்கிழமைலா! யாரும் போவ மாட்டோம். எஞ்சினுக்கும் லீவுதான்.”

ரயிலில் படித்ததை அவிழ்த்துவிடுகிறேன். இங்கிலாந்தில் அந்தக் காலத்து நெசவாளர்கள் திங்கட்கிழமையும் சேர்த்து லீவு போடுவார்களாம். நீராவி எஞ்சினும் ஆலையும் வந்ததும், சங்கு ஊதினால் விழுந்தடித்து ஓட வேண்டியதாகிவிட்டதாம்.

“எஞ்சின் சொன்னா மனுசன் ஓடணுமா? நல்ல கூத்தா இருக்கே! நாமதான கயித்த இழுத்து அத ஸ்டார்ட் பண்ணுதோம்?”

அப்போது என் போன் அடிக்கிறது. மேலாளர். சட்டென்று நிமிர்ந்து நின்று, “இதோ சார், அரை மணி நேரத்துல அனுப்பிடுறேன் சார்” என்கிறேன். அப்படியே வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, தோள்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

அவர் எஞ்சின் மேலிருந்த சேலையை உருவி என்னிடம் நீட்டுகிறார்.

“தலையில போட்டுக்கிடுங்க தம்பி. ஓடுத எஞ்சின் சூடாயிரும்லா.”