மாமா பிடுங்கிய கலர்

என் சின்ன மாமாவுக்கு ஒரு பொருளை அது இருக்கிற இடத்திலேயே வைத்துப் பார்க்கத் தெரியாது. எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் வாயைத் திறப்பார். அவருடைய தொழில் அப்படி. பேட்டையில் ஒரு கலர் கம்பெனியில் பாட்டில் பார்க்கும் வேலை. எங்கள் ஊரில் பாட்டிலில் வரும் இனிப்புச் சோடாவுக்குக் கலர் என்றுதான் பெயர்.

ஒருமுறை என்னை அங்கே கூட்டிப்போனார். கழுவிய பழைய பாட்டில்களும், சாக்கில் வந்திறங்கிய புதுப் பாட்டில்களும் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வந்தன. பின்னால் ஒரு வெள்ளைப் பலகை, அதற்குப் பின்னால் டியூப்லைட். மாமா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து விரிசல், கோணல் கழுத்து, உள்ளே கிடக்கும் பீடித்துண்டு என்று கண்ணில் பட்டதை எல்லாம் எட்டி எடுத்து ஓரம் கட்டினார். அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுவார்கள். அதற்கு மேல் பார்த்தால் எல்லாமே நல்ல பாட்டிலாகத் தெரிய ஆரம்பித்துவிடுமாம். இருப்பதிலேயே மோசமானது குமிழி என்றார். கண்ணாடியை வார்க்கும்போதே வாய் விளிம்பில் காற்று மாட்டிக்கொள்ளும். மேலே மெல்லிய தோல்போலக் கண்ணாடி மூடியிருக்கும். மூடியைத் திறக்கிற வேகத்தில் அது உடைந்தால் விளிம்பு பிளேடாகிவிடும், தூள் கலருக்குள் விழும்.

இந்தக் கண்ணை அவர் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். பிளாஸ்டிக் குடம் வாங்க அம்மா அவரை அழைத்துப் போனால், எட்டுக் குடத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்து எட்டையும் கழித்துவிடுவார். அவர் தலையைக் கண்டதுமே கடைக்கார அண்ணாச்சி டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். "இவன் பொண்ணு பாக்கப் போனா பொண்ணையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிப்பான்" என்று தெருவில் கேலி பேசினார்கள். மாமாவுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. மூன்று இடம் பேசி மூன்றும் தட்டிப் போயிருந்தன.

நான்காவது இடம் பாளையங்கோட்டையில். பெண் டீச்சர் வேலைக்குப் படித்தவள். அவளுக்கும் ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. அம்மாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. டவுன் பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டுகிற வரைக்கும் மாமாவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். "ஏலே, அங்கன போய் எதையும் உத்துப் பாக்காத. குடுத்ததைக் குடிச்சிட்டு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு." மாமா மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போலத் தலையாட்டினார். நிஜமாகவே மூன்றாம் வகுப்புப் படித்த நான் தலையாட்டாமல் ஜன்னலில் வேடிக்கை பார்த்தேன்.

பெண் தட்டில் கலர் பாட்டில்கள் கொண்டுவந்தாள். மாமாவின் கம்பெனிக் கலர் இல்லை, வேறு கம்பெனி. எனக்குக் கிடைத்தது சிவப்பு. அம்மா சொன்னபடியே மாமா தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் தன் பாட்டிலைக் காலி செய்தார். பெண் உள்ளே போய்விட்டாள். நான் நுரை அடங்கட்டும் என்று காத்திருந்து பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனபோது, மாமா சடாரென்று குனிந்து என் காதில், "ஏட்டி, குடிக்காத. வாயில குமிழி உடைஞ்சிருக்கு. யாருட்டயும் சொல்லாத" என்றார். சொன்ன கையோடு பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, கை கழுவப் போகிறவர்போலப் புறவாசலுக்கு நடந்துவிட்டார்.

நான் வீடு அதிர அழுதேன். பெண்ணின் அப்பா பதறிப்போய், "என்ன தாயி, எதுக்கு அழுகை?" என்று கேட்டார். "மாமா என் கலரைப் பிடுங்கிட்டுப் போயிட்டாவ!" என்றேன். மாமா திரும்பி வரும்போது கையில் பாட்டில் இல்லை. சபையில் இருந்த எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். "சின்னப் பிள்ளை கையில இருந்து பிடுங்கிக் குடிக்கவன் பொண்டாட்டிக்கு என்னத்த மிச்சம் வைப்பான்னு கேக்காவ" என்றார். அம்மா மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவர் காதில் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. அதை அந்த நிமிஷம் நான் சொல்லியிருந்தால் திட்டு நின்றிருக்கும். சொல்லவில்லை. சொல்லாதே என்றாரே என்பதற்காக அல்ல. என் கலர் போன ஆத்திரம் தீரவில்லை, அவர் திட்டு வாங்குவது எனக்குச் சுகமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து அம்மா புதுக் கண்ணாடித் தம்ளரில் எனக்குப் பால் கொடுத்தபோது, "இதுலயும் குமிழி உடைஞ்சிருக்கா?" என்று கேட்டு மாட்டிக்கொண்டேன். அம்மா துருவித் துருவி எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். மாமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா போய் அவர் முன்னால் நின்றாள்.

"குடிக்கலையாலே நீ?"

"புறவாசல் முருங்கை மரத்து மூட்டுல ஊத்திட்டேன்."

"நாளைக்கே போய் அவிய அப்பாட்ட சொல்லுதேன்."

"என்னன்னு சொல்லுவ எக்கா? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மூளிப் பாட்டிலைக் கொண்டு வச்சாவன்னா? ஏற்கனவே ஒரு இடம் நின்னுபோன பிள்ளை. இதையும் சேத்து ராசியில்லாதவன்னு ஒதுக்கிருவாவ. எனக்குத் தின்னிப்பயன்னு பேரு வந்தா வந்துட்டுப் போட்டும்."

அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் ஊத்துனதை அடுக்களை ஜன்னல்ல நின்னு பாத்தா. வெளிய வந்து வெறும் பாட்டிலைக் கேட்டு வாங்கி, விளிம்பைப் பாத்துட்டு முந்தியில சுத்தி மறைச்சிக்கிட்டா. 'கையில கிழிச்சிருச்சா'ன்னு கேட்டா. அவ்வளவுதான்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தப் பிள்ளையையாலே விட்டுட்டோம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டும் தன் அப்பாவிடம் வாயைத் திறக்காதவள் அவள். அவளுக்காக அம்மா எதற்கு அழ வேண்டும்? "அவிய சொல்லிருந்தா மாமாவுக்கு இந்தப் பேரே வந்திருக்காதுல்லா? நல்ல வேளை, அந்த அத்தை நமக்கு வேண்டாம்" என்றேன்.

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். மாமா தடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆமாட்டி, நீ சொன்னா சரிதான்" என்று சைக்கிளை எடுத்தார். பெரிய மனுஷிபோலத் தீர்ப்புச் சொல்லி அதை மாமாவும் ஒத்துக்கொண்டுவிட்ட சந்தோஷத்தில், சாயந்திரம் வரும்போது எனக்கு ஒரு சிவப்புக் கலர் கொண்டுவரச் சொல்லித் தெருமுனை வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடினேன்.