அடுத்த வளைவு தாண்டட்டும்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் மாதத்து மத்தியானம். ஜமுனாமரத்தூரிலிருந்து வேலூருக்கு ஆம்புலன்ஸில் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். குறைமாதத்தில் முந்தின நாள் பிறந்த என் மகன், துணிக்குள் என் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். "சூடு குறையக் கூடாதுக்கா, துணியத் தொறக்காதீங்க" என்று கூட வந்த நர்ஸ் பெண் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

எதிரில் என் கணவர். அவர் மடியில் இருந்த பையில் ஒரு தண்ணீர் பாட்டில். வண்டி கிளம்பும் முன் கடைக்கு ஓடிப் போய் வாங்கி வந்தது. எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் மலையூரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருபது இருந்தால் அதிகம். பூசை வைக்கச் சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் மேலே வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடத்துவதும் என் பொறுப்பு. கலசப்பாக்கம் பக்கம் பிறந்த நான், பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மை வயதிலிருந்து கோயிலே கதி என்று வளர்ந்தவள். பதினேழு வயதில் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

அதில் வருடா வருடம் ஒரு பாடம் வரும். குழந்தை சாகும் நிலையில் இருந்தால் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பெயர் சொல்லி, தலையில் தண்ணீர் ஊற்றி, ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்துப் பிள்ளைகளைச் செய்ய வைப்பேன். விரலை நனைத்துத் தொட்டால் போதாது, தண்ணீர் வழிந்து ஓட வேண்டும் என்று திருத்துவேன்.

அன்று கணவர் பையைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். துணியைத் திறந்து அந்தக் குளிரில் தண்ணீரை ஊற்றி, அதனாலேயே அவன் போய்விட்டால்? ஊற்றினால் பிழைக்க மாட்டான் என்று நானே முடிவு கட்டியதாகிவிடாதா? அடுத்த வளைவு தாண்டட்டும் என்று நினைத்தேன். தாண்டியது. இன்னும் ஒன்று தாண்டட்டும் என்று நினைத்தேன். சமதரை வந்ததும் இனிப் பயமில்லை என்றுகூடத் தோன்றியது. கண்ணமங்கலம் கடைத்தெருவில் வண்டி மெதுவானபோது, நர்ஸ் பெண் குனிந்து பார்த்து, "அக்கா, கொஞ்சம் கைய எடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அடக்கத்துக்கு சாமியார் மேலே வந்தார். "ஞானஸ்நானம் குடுத்தாச்சாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் முந்திக்கொண்டார்.

"இன்னா சாமி கேக்கறீங்க? ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவ, தன் புள்ளைக்குக் குடுக்காம வுட்டிருப்பாளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அழுது வீங்கிய மாமியார் முகத்தில், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை மோட்சத்துக்குப் போயிருக்கும் என்ற அந்த ஒரு நம்பிக்கைதான் மிச்சமிருந்தது. தலையாட்டினேன். என்ன பெயர் வைத்தாய் என்று சாமியார் கேட்டார். நாங்கள் யோசித்து வைத்திருந்த பெயரைச் சொன்னேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, சாட்சிக்கு என் கணவரிடம் பேனாவை நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார். பிறப்புச் சான்றிதழில் 'ஆண் குழந்தை' என்றுதான் இருக்கிறது. அவன் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அந்தப் பக்கம்.

அன்று மாலை, "ஏங்க கையெழுத்து போட்டீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"நீ தலையாட்டிட்ட. அத்தன பேர் எதிர்ல நான் வேற இன்னா பண்றது?" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவே இல்லை.

அதன் பிறகு ஜெபம் வாயளவில்தான். ஒரு வருடம் கழித்து, கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாத பாவசங்கீர்த்தனத்தில் உண்மையைச் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், "குடுக்கலைன்னாலும் அடக்கம் பண்ணியிருப்பேனேம்மா. குழந்தைய ஆண்டவர் இரக்கத்துல ஒப்படைச்சிருப்போம்" என்றார். அது எனக்குத் தெரியாததா? அதையும் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிறகு சொன்னார்: "ஆனா பதிவேட்டத் திருத்தணும். இங்க கேட்டத வெச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது, வெளிய உங்கிட்டகூடப் பேச முடியாது. நீயா வந்து சொல்லணும்."

"திருத்தறதுன்னா சாமி?"

"பேரு மேல கோடு போடணும்மா."

போய்ச் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடம் பூசையில் அவர் கையால் நன்மை அப்பம் வாங்கினேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போன வருடம் மறுபடி அந்தப் பாடம் வந்தது. அப்போது எட்டு வயதான என் மூத்த மகளும் அதே வகுப்பில் இருந்தாள். ஒரு பையன், "டீச்சர், இத நெசமாவே யாராச்சும் செஞ்சிருக்காங்களா?" என்று கேட்டான். என் மகள் எழுந்து நின்று, "எங்கம்மா செஞ்சிருக்காங்க, எங்க தம்பிக்கு" என்றாள். பிள்ளைகள் எல்லாம் வாய் பிளந்து என்னைப் பார்த்தார்கள். என் கையில் பொம்மையின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல. நான் செய்யல" என்றேன்.

மகள் சிரித்தாள். "பொய் சொல்றம்மா. ஆயா சொல்லுச்சே." என் மாமியாரைத்தான் அப்படிக் கூப்பிடுவாள்.

அன்று பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். முதல் தடவை கேட்பவர் மாதிரியே கேட்டுக்கொண்டார். பதிவேட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அடியில் பெயரைப் படிக்க முடிந்தது. நான் அதிக நேரம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமியாரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்போ புள்ள எங்க கீறான்?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

உண்மையைச் சொன்னால் மனது லேசாகும் என்று நானே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்படி ஆகவில்லை. இப்போதும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், முழந்தாளிடுகிறேன், வேறு ஜெபம் எதுவும் வராததால் மாமியார் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வருகிறேன்.