புத்தகத்தைத் தொடவே இல்லை

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று உத்தரவு. மின்விசிறி நிற்க வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். பல்கலைக்கழகம் தொடங்குமுன் மகளுக்கு ஆங்கிலப் பரீட்சை. பரீட்சை என்றதும் மண்டபம், மேசை வரிசை என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாட்டு மேசையில் லெப்டொப், மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே இரவு தூங்கிய பைஜாமா. நான் பருப்பை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் குசினியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லெப்டொப் ஏதோ கேட்டது. இவள் தன் நெருங்கிய தோழியைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் கொட்டினாள். ஓர் இடத்தில்கூட நின்று யோசிக்கவில்லை. பெற்ற மகள்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள், பட்டேன். ஆனால் அது கொஞ்ச நேரம்தான். பிறகு அந்தப் பொறாமை தன் பழைய விலாசத்தைத் தேடிப் போய்விட்டது.

பழைய விலாசம் குண்டசாலை, வாசுகியின் வீடு. ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே வாங்கு. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த பொறியியலாளர். என் அப்பாவுக்குக் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கிளார்க் வேலை, எங்கள் வீடு அம்பிட்டியவில் ஏற்றத்துக்கு மேல் ஏற்றம். அவர்கள் வீட்டுக்கு ஆங்கிலப் பத்திரிகை வரும். எங்கள் வீட்டுக்கும் வரும், மீன் சுற்றிக்கொண்டு.

அவர்கள் வீட்டில் நாயோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்குத் தமிழ் விளங்காது" என்றாள் வாசுகி, மழை பெய்கிறது என்று சொல்கிற குரலில். நானும் விடாமல் "வா, வா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து அவளுடைய அம்மா ஒரே ஒரு சொல் சொன்னார். உடனே எழுந்துபோய்க் கதிரைக்கு அடியில் படுத்தது. இந்த நாய்க்கு இருக்கிற ஆங்கிலம் எனக்கு இல்லையே என்று அன்று வீடு வரும்வரை பஸ்ஸில் வயிறு எரிந்துகொண்டே வந்தேன்.

வாசுகி கொஞ்சமாவது கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை. குறிப்புக் கொப்பியைக் கேட்குமுன் தருவாள். மத்தியானச் சாப்பாட்டில் பொரித்த முட்டையில் பாதி என் பக்கம் வந்துவிடும். டீச்சர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் என் முறை முடியட்டும் என்று குனிந்து கொள்வாள். அந்தக் குனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உயர்தரப் பரீட்சை முடிந்து இருவருக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரே பீடத்தில் இடம் கிடைத்தது. அங்கே சேருமுன் அடிப்படை ஆங்கிலம் தெரியுமா என்று ஒரு பரீட்சை வைப்பார்கள். குறித்த புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் விரிவுரை தொடங்கும்வரை வீட்டில் இருக்கலாம். கீழே எடுத்தவர்களுக்கு மூன்று மாதம் ஆங்கில வகுப்பு. 'இன்டென்சிவ்' என்பார்கள். வாசுகி மேலே, நான் கீழே என்பதில் கண்டி முழுக்க யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கோ, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு காகிதத்தில் அவளுக்கு மேலே என் பெயர் இருக்க வேண்டும் என்ற வெறி பிடித்துவிட்டது.

அதனால் களவாக டியூஷனுக்குப் போனேன். டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி, இருட்டுப் படி. புதன்கிழமை பின்னேரங்களில் கீழே மீன் பணிஸ் வேகும்போதுதான் எங்களுக்கு மேலே இறந்தகாலம் நடக்கும். இன்றைக்கும் மீன் பணிஸ் வாசம் பட்டால், போனேன், வந்தேன், சாப்பிட்டேன் என்று ஆங்கிலத்தில் வாய் தானாக முணுமுணுக்கும். மடவளையிலிருந்து பஸ் பிடித்து வருகிற டியூஷன் சேர் பதில் பிழைத்தால் திட்ட மாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்குத் திட்டே தேவலை.

வாசுகியிடம் புதன்கிழமை நவநாள் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் சைவம், மாதா கோயிலுக்கு வந்து என்னைத் தேட மாட்டாள் என்ற தைரியம். "எனக்காகவும் மன்றாடு, என்ன?" என்றாள். நானும் தலையாட்டினேன். அந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

பரீட்சைக்கு முன் ஒன்றுமே படிக்கவில்லை என்று சொல்வது நம் ஊர்ப் பிள்ளைகளின் பிறவிப் பழக்கம். யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். அன்று காலை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வாசுகியும் கேட்டாள்.

"நீ ஏதும் படிச்சனியோ?"

"புத்தகத்தத் தொடவே இல்லடி. எனக்கு அந்த இன்டென்சிவ்தான். நீ நிம்மதியா வீட்ல இருப்ப."

"தனியவே போப்போறாய்?"

"வேற யாரு வருவா? நான்தான் போகணும்" என்று முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டும் காட்டினேன். நடிப்புக்கு ஒரு பரீட்சை இருந்திருந்தால் அன்றைக்கு முதலாம் இடம் எனக்குத்தான்.

மண்டபத்தில் கசெட் போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரி ரயில் நிலையத்தில் குடையைத் தொலைத்துவிட்டு யார் யாரிடமோ விசாரித்தாள். குடை என்ன நிறம், எந்த மேடை என்று கேள்விகள். நான் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் 'என் தோழி' என்று ஒரு கட்டுரை. வாசுகியைப் பற்றித்தான் எழுதினேன். அன்பானவள், அடக்கமானவள், அடுத்தவருக்கு உதவுகிறவள் என்று சேர் சொல்லித் தந்த சொற்களை எல்லாம் அவள் தலையில் கொட்டினேன். அவளை முந்துவதற்கு அவளையே புகழ்ந்துகொண்டிருக்கிறோமே என்று அப்போது தோன்றவே இல்லை. இரண்டு வரிசை முன்னால் அவள் பேனையை மூடி வைத்துவிட்டு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் முடித்துவிட்டாளே என்று அதற்கும் எரிச்சல்பட்டேன்.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் இரண்டு பட்டியல்களை ஒட்டினார்கள். மேல் பட்டியலில் என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. இரண்டு தடவை தேடிவிட்டுத்தான் கீழ்ப் பட்டியலைப் பார்த்தேன், அங்கே இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள் மேளம் கொட்டியது. வாசுகி என் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படிக்கேல்லை எண்டு சொன்னனி."

"எப்படியோ குருட்டாம்போக்குல அடிச்சிட்டேன்டி" என்றேன்.

அவள் சிரித்தாள். "நல்லது" என்றாள். அடடா, இவளுக்கும் என்மேல் பொறாமை வந்துவிட்டது என்று நான் பூரித்துப் போனேன். அன்று வீட்டில் அம்மா பாற்சோறு பொங்கினார்.

அடுத்த மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் டவுனுக்குப் போனால், ஒரு கூட்டம் வாவிக்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு வரும். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, காலியிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் இருவர், மடவளை ரிஸ்னா, நடுவில் வாசுகி. வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று சட்டமாம். அதையே வெளியிலும் பேசிக்கொண்டு, ஒருத்தியின் பிழைக்கு மற்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எல்லாம் தெரிந்த வாசுகியும் அவர்களோடு சேர்ந்து தப்புத் தப்பாகப் பேசினாள். பிழையில்லாத ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் யாரோடு பேச? கீழ்ப் பட்டியல்காரிகள்மேல் பொறாமைப்பட்ட மேல் பட்டியல்காரி கண்டியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

விரிவுரை தொடங்கிய முதல் வாரம், கென்டீன் வரிசையில் ரிஸ்னா என் பின்னால் நின்றாள். பெயரைக் கேட்டவள் கண்ணை அகல விரித்தாள்.

"நீங்கதானா அது? ஒங்கள அந்த கிளாஸுல தனிய விட ஏலாண்டுதானே வாசுகி தெரிஞ்ச விடையெல்லாம் பிழையா எழுதின. பொறகு பாத்தா நீங்க பாஸாம். நாங்க சிரிச்ச சிரிப்பு."

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் எனக்கு வந்தது கண்ணீர் இல்லை, கோபம். அப்படியானால் நான் அவளை முந்தவே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து காத்திருந்த ஒரே வெற்றி, அதையும் அவள்தான் போட்டுத் தந்திருக்கிறாள். நான் தோற்பேன் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்திருக்கிறாளே என்றும் எரிந்தது. அந்த நிச்சயத்தை அவளுக்குக் கொடுத்தவள் நானேதான் என்பது, தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அன்று பின்னேரமே அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏன்டி எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீ சொன்னனியோ?" என்றாள். சத்தம் போடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "நான் பாஸாக மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்று சண்டைக்குத்தான் போனேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் சண்டை போட்டதே இல்லை. நாலு வருடமும் எதிரில் கண்டால் சிரித்தோம், தேவை என்றால் குறிப்புக் கொப்பி மாற்றினோம், அவ்வளவுதான்.

இப்போது அந்த இன்டென்சிவ் வகுப்பு இல்லை. திரையில் ஒரு பாடம் அனுப்புகிறார்களாம், அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பட்டியல் ஒட்டுகிற பலகையும் இல்லை, புள்ளி போனுக்கு வருகிறது. என் மகளுக்கு எண்பத்தாறு. அவளுடைய தோழி எவ்வளவு எடுத்தாள் என்று கேட்டேன், தெரியாது என்றாள்.

வாசுகியைப் போன மார்கழியில் வாவிக்கரையில் கண்டேன். கனடாவிலிருந்து வந்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் கூடவே இருந்தார்கள், நரைத்தும் பருத்தும், அதே தப்பு ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டு. சாப்பிடப் போகிறார்களாம். கச்சான்காரரிடம் நின்றுவிட்ட ரிஸ்னாவைப் பார்த்து, "கெதியா வாடி, பசிக்குது" என்று கத்தினாள் வாசுகி. பிறகு என் பக்கம் திரும்பினாள். முகம் நிறைய மரியாதை.

"நீங்களும் வாங்கோவன்" என்றாள்.

வேலை இருக்கிறது என்று சொன்னேன். ஒரு வேலையும் இல்லை.