கடைசியில் வரும் அம்மா

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. விளாங்குடியில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்து அடித்தே விரல் பழகியவன். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் எங்கள் தொண்டு நிறுவனத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களில் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை முகாம் போட்டு, அந்த மாதத்து மாத்திரையைக் கொடுக்கிற சின்ன நிறுவனம். ஒரு டாக்டர் வருவார். ஊர் ஊராகப் போய்வர ஒரு அக்கா. ஆபீசில் நான்.

அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முகாமுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தார். பேர், தகப்பன் பேர், பிறந்த தேதி, மாத்திரை எல்லாம் பேனாவில். ஓரத்தில் மட்டும் பென்சில். ‘மீசைக்காரர். மாத்திரையைச் சாப்பிட்டேன் என்று சத்தியம் செய்வார், நம்பக் கூடாது.’ ‘மாமியார் வந்து கேட்டால் கொடுக்க வேண்டாம்.’ எனக்கு மனிதர்கள் பேசுகிற பேச்சு என்றால் உயிர். மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பென்சில் வரிகளைத்தான் படிப்பேன். கதைப் புத்தகம் படிக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு மழையில் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி இரண்டு நோட்டு கூழாகிவிட்டது. அதற்கு மேல் யாரும் தள்ளிப்போடவில்லை. எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. ஏற்றுகிற வேலை எனக்கு.

அக்கா கேட்டார். “கிளவுடுங்கிறியே தம்பி, அது எங்க இருக்கு?”

“எங்கயோ வெளியூர்லக்கா. பெரிய பெரிய கம்ப்யூட்டரா வச்சிருக்காக.”

“அம்புட்டுப் பேரு சீக்கையும் எவன் வீட்டுலயோ கொண்டுபோய் வைக்கப் போறியாக்கும்.”

“பூட்டு இருக்குக்கா.”

“பூட்டு இருக்கும். வீட்டுக்காரன் யாருன்னுதான் கேக்குறேன்.”

சிரித்துக்கொண்டே அடித்தேன். நாலு மாதம் ஆயிற்று. புதுப் படிவத்தில் பேருக்குக் கட்டம் இருந்தது, தேதிக்குக் கட்டம் இருந்தது, பென்சில் வரிக்குக் கட்டம் இல்லை. கட்டம் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது, ஆபீஸ் ரெக்கார்டில் மீசையும் மாமியாரும் எதற்கு என்று விட்டுவிட்டேன். படித்து ரசித்தவனே விட்டேன்.

ஏற்றி முடித்ததும் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருப்பதாகத் தெரிகிறது, ஒன்றாகச் சேர்க்கவா என்று ஒரு பட்டியல். முதல் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாமே நான் கவனக்குறைவாக இரண்டு தடவை அடித்தவை. சரியாகத்தான் சொல்கிறது என்று, மீதிப் பக்கங்களைப் புரட்டாமல் மொத்தமாகச் சேர் என்று அமுக்கினேன்.

கல்யாணப் பத்திரிகை அடித்தவன் அதைச் செய்திருக்கக் கூடாது. அந்த ஊர்ப் பக்கம் மூத்த மகனுக்குத் தாத்தா பேர், மூத்த மகளுக்குக் குலசாமி பேர். பங்காளி வீடுகளில் ஒரே பேரில் இரண்டு அப்பா, அவர்களுக்கு ஒரே பேரில் இரண்டு மகள் இருப்பார்கள். மாமன் வரிசை, சித்தப்பன் வரிசை என்று பத்திரிகையில் ஒரே பேரை மூன்று இடத்தில் அடித்து, தப்போ என்று கேட்டு, திட்டு வாங்கியிருக்கிறேன். பிறந்த தேதியோ, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. ஒரு வருஷம் சேர்ந்த அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நாள்.

அப்படி எங்கள் நோட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள், இருவருக்கும் வலிப்பு. ஒருத்தி போன வருஷம் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். இன்னொருத்தி கப்பலூரில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனிக்கு வேனில் போய்வந்துகொண்டிருந்தாள். மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. கம்பெனிக்கு அவள் நோய் தெரியாது. தெரிந்தால் மெஷின் பக்கம் நிறுத்த மாட்டார்கள். நான் அமுக்கிய அமுக்கில் இரண்டு பேரும் ஒரே ஆளானார்கள். கடைசியாக எழுதிய விவரத்தைத்தான் அது வைத்துக்கொண்டது. கடைசியாக எழுதியது சாவு.

இதற்கிடையில் அக்காவுக்கு மூட்டு விட்டுப்போய், ஊர்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அவர் இடத்துக்கு வந்த பெண் செல்போனில் வருகிற பட்டியலைப் பார்த்துக் கொடுப்பாள். நல்ல பிள்ளை. ஆனால் யார் முகமும் தெரியாது.

அந்த விஷயம் எனக்குத் தெரிந்தது, வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறி கப்பலூர் கம்பெனிக்குப் போகிறவளின் அம்மா ஆபீசுக்கு வந்த அன்றைக்குத்தான். மடியிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இத மறுபடி குடுக்கச் சொல்லுங்க தம்பி. பிள்ள விழுந்துருச்சு.”

“எங்கம்மா?”

“கம்பெனியில. எல்லாரு முன்னாடியும். ஆட்டோவுல ஏத்தி, சாப்பாட்டு டப்பாவையும் கையில குடுத்து அனுப்பிட்டாக. இனி வராதன்னு.”

“மாத்திரைய ஏம்மா நிறுத்துனீக?”

“நான் எங்க நிறுத்துனேன்? நீங்கதான நிறுத்துனீக. லிஸ்ட்டுல பேரு இல்லம்மா, மாத்திரை வேணுங்கிறவுக பேருதான் இதுல வரும்னு அந்தப் பிள்ள சொல்லுச்சு. மூணு வருஷமா வரலையே, நல்லாயிருச்சுன்னு டாக்டரு எடுத்துட்டாருன்னு நெனச்சேன்.” முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “கோயிலுக்குப் போயி மாவிளக்குப் போட்டேன் தம்பி. தெருவுக்கே குடுத்தேன். எதுக்குன்னு கேட்டதுக்குச் சும்மான்னேன்.”

தேடிப் பார்த்தேன். இறந்தவர் என்று இருந்தது. அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “தப்பு என்மேலதாம்மா” என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்து கேட்டு, ஆபீசில் இருந்த மாத்திரையைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டு, “அப்ப நல்லாகலயா?” என்று மட்டும் கேட்டார்.

அவர் போன பிறகு பரணிலிருந்து நோட்டுகளை இறக்கினேன். அக்காவும் காலைத் தாங்கித் தாங்கி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். இறந்தவளின் பக்கத்தில், ‘மில் வீடு.’ இன்னொருத்தியின் பக்கத்தில், ‘கொடிக்கால் வீடு. அம்மாதான் வாங்க வரும். கூட்டம் கலைந்த பிறகு கடைசியில் வரும். பேரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டாம்.’

இரண்டு வீட்டையும் பிரிக்க இரண்டு வார்த்தை போதுமாயிருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாயிருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன்.

“இதையும் அடிச்சிரு தம்பி” என்றார். “கட்டம் இல்லாட்டி கட்டம் போடு.”

போட்டேன். சேர்த்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அவளைப் போல வேறு யாரும் விடுபடவில்லை. கம்பெனிக்கு டாக்டர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டுபோனேன். மாத்திரை சாப்பிட்டால் வராது, நாங்கள்தான் தவறவிட்டோம் என்று எழுதியிருந்தோம். சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் பேசினார். “நாளைக்கு மெஷின்ல கைய விட்டுட்டா யாருண்ணே பதில் சொல்றது?” என்றார். கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

அடுத்த முகாமுக்கு நானும் போனேன். சமுதாயக்கூடத்தின் இரும்புக் கதவைத் திறந்தபோதே வரிசை நின்றது. முதல் ஆளாக அவள். அம்மா வரவில்லை.

“கடைசியிலதானம்மா அம்மா வரும்” என்றேன், மெதுவாக.

“இனிமே எதுக்குண்ணே கடைசியில?” என்றாள். “கம்பெனி வேனுல எங்கூட வந்த அம்புட்டுப் பேரும் இந்த ஊர்க்காரகதான். சனிக்கிழமை எனக்கும் வேலையில்ல, நானே வாரேன்.” பிறகு, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். “பேரச் சத்தமாவே கூப்பிடுங்க.”

புதுப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கூப்பிட்டாள்.